ஓரத்தில் ஒரு முத்திரை

குசாகா ஷோஹெய் எங்கள் ஓட்டுநர் பள்ளியில் முப்பத்தோரு வருஷம் வாத்தியாராக இருந்தார். அந்த முப்பத்தோரு வருஷத்தில் தகுதியில்லாத ஒருவருக்கும் அவர் முத்திரை குத்தியதில்லை. இதை நான் புகழ்ச்சியாகச் சொல்லவில்லை. பதினெட்டு வருஷம் அவர் பக்கத்து மேஜையில் உட்கார்ந்து பட்ட எரிச்சலில் சொல்கிறேன்.

எங்கள் பள்ளியில் ஒவ்வொரு பாடத்துக்கும் மாணவரின் பயிற்சிப் புத்தகத்தில் ஒரு கட்டம் இருக்கும். தேறினால் வாத்தியார் தன் குடும்பப் பெயர் செதுக்கிய முத்திரையைச் சிவப்பு மையில் தொட்டு அந்தக் கட்டத்தில் குத்த வேண்டும். நாங்களெல்லாம் பசி வந்தால் குத்துவோம், பனி கொட்டினால் குத்துவோம், மாணவி கண் கலங்கினால் அடுத்த பாடத்துக்கும் சேர்த்துக் குத்துவோம். குசாகா அண்ணன் மட்டும் வண்டியை விட்டு இறங்கி, குனிந்து, பின்சக்கரம் பயிற்சித் திடலின் எஸ் வளைவில் ஓரக்கல்லைத் தொட்டதா என்று பார்த்துவிட்டு, "அடுத்த வாரம் வாங்க" என்பார். நகரத் தலைவரின் மருமகனுக்கும் அதே அடுத்த வாரம்தான்.

அவர் மனைவி யாசுயோ அண்ணிக்கும் அதேதான். அண்ணி எஸ் வளைவில் எட்டு முறை கல்லில் ஏற்றினார். ஒன்பதாவது முறை உரசியது என்று அண்ணன் சொன்னார், உரசவில்லை என்று அண்ணி சொன்னார், நான் பார்க்கவில்லை என்று நான் சொன்னேன். அதோடு அண்ணி பயிற்சிப் புத்தகத்தை அலமாரியில் போட்டுவிட்டு ஒரு சைக்கிள் வாங்கிக்கொண்டார். "எங்க வீட்டுக்காரர்கிட்ட கிட்னி கேட்டா ஒண்ணு கழட்டிக் குடுப்பாரு தம்பி. முத்திரை கேட்டா குடுக்கமாட்டாரு" என்று கடைசிவரை சொல்லிக்கொண்டிருந்தார்.

கடைசி என்பது அறுபத்து மூன்றாம் வயதில், கணையத்தில் புற்றாக வந்தது. வழக்கமான மருந்து இரண்டு மாதத்தில் கைவிட்டது. அப்போதுதான் எங்கள் ஊர் மலையடிவாரத்தில் இருக்கும் புற்றுநோய் ஆய்வு மையத்தில் கே.டி.308 என்ற புது மருந்தைச் சோதிக்க ஆள் சேர்ப்பதாகத் தெரிந்தது. "பெரிய ஆஸ்பத்திரி விஷயம், ரெண்டு காது பத்தாது, நீயும் வாடா செகிமோட்டோ" என்று அண்ணன் என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

மையத்தின் வாசலில் மஞ்சள் நிறத்தில், ஆள் உயரத்தில், கொழுகொழுவென்று ஒரு பொம்மை நின்று எங்களுக்குக் குனிந்து வணக்கம் சொன்னது. அதன் பெயர் சுயிமாரு. கணையத்தின் உருவம். உள்ளே ஒரு மனிதர் வியர்த்துக்கொண்டிருந்தார். எங்கள் நாட்டில் பொம்மை இல்லாமல் எந்த அலுவலகமும் திறப்பதில்லை; தீயணைப்பு நிலையத்துக்கு ஒன்று, வரி அலுவலகத்துக்கு ஒன்று. புற்றுநோய்க்கும் ஒன்று இருப்பதில் தவறில்லை என்று நினைத்துக்கொண்டேன்.

ஆய்வை நடத்துபவர் பேராசிரியர் நிவா. வெள்ளை முடி, மெல்லிய குரல், பேசுமுன் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கும் பழக்கம்.

"இங்க நாங்க 'நோயாளி'ங்கிற வார்த்தையையே எடுத்துட்டோம்மா" என்றார். "எல்லாரும் 'பயணத் துணைவர்'. நாம சேர்ந்து போறோம், இல்லீங்களா?"

"மருந்து வேலை செய்யலைன்னா, டாக்டர் ஐயா?" என்று அண்ணன் கேட்டார்.

"மருந்து வேலை செய்யாம போறதுன்னு ஒண்ணு கிடையாதுங்க. சில துணைவர்களோட உடம்பு மருந்தோட ஒத்துழைக்காம போகலாம்."

அண்ணன் தன் சிறிய நோட்டில் அதையும் எழுதிக்கொண்டார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறியும் போட்டார்.

பிறகு ஒருங்கிணைப்பாளர் ஹானாவா நாற்பத்தாறு பக்க ஒப்புதல் படிவத்தோடு வந்தார். முப்பது வயதிருக்கும். சிரிப்பைச் சீருடையோடு சேர்த்து மாட்டிக்கொண்டு வந்தவர் போல இருந்தார். நாற்பத்தாறாவது பக்கத்தைத் திருப்பியபோது அண்ணி, "இது என்னம்மா?" என்றார். ஆய்வு முடிவுப் பதிவு. துணைவர் ஆய்விலிருந்து நீங்கிய காரணத்தை மையம் பின்னால் எழுதிக்கொள்ளும் இடம்.

"நான் செத்துப்போனாலும் இங்கதான் எழுதுவீங்களா?"

ஹானாவாவின் சிரிப்பு அப்படியே நின்றது. "எல்லாத்துக்கும் இடம் இருக்கும்மா."

"அப்பச் சரி" என்றார் அண்ணி. "எனக்குப் பொழைப்பேன்னு பெருசா ஆசை ஒண்ணும் இல்ல. ஆனா நல்லதோ கெட்டதோ, எனக்கு என்ன ஆச்சோ அதை உள்ளபடி எழுதிக்கணும். அடுத்து வர்றவளுக்குத் தெரியணும். அதுக்குத்தான் சேர்றேன்."

பேராசிரியர் நிவா கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். உண்மையாகவே கண் கலங்கியிருந்தது. "இந்த வார்த்தையை நாங்க எங்க சுவரொட்டியில போட்டுக்கலாமாம்மா?" என்று கேட்டார். அண்ணி வெட்கப்பட்டுத் தலையசைத்தார்.

அடுத்து முத்திரைகள். எங்கள் நாட்டில் கையெழுத்துக்குப் பதில் முத்திரைதான். கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயர் என்பதால் அண்ணன் கையில் இருந்த ஒரே முத்திரை இருவருக்கும். பெயருக்குப் பக்கத்தில் ஒன்று, ஒரு பக்கமும் அடுத்த பக்கமும் சேரும் மடிப்பில் பாதி இங்கே பாதி அங்கே விழும்படி ஒன்று, இப்படி நாற்பத்தேழு. அண்ணன் ஒவ்வொரு பக்கத்தையும் வாசித்து, வாசித்ததற்குத்தான் குத்தினார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பின்னால் நாற்காலிகளில் நான்கு தம்பதிகள் காத்திருந்தார்கள்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு ஐயா" என்றார் ஹானாவா. "இந்தக் கடைசிப் பக்கத்துல, தலைப்புக்கு மேல, ஓரமா, சும்மா ஒண்ணு."

"இங்க எதுவும் எழுதலையேம்மா?"

"எழுதாததாலதான் ஐயா. நாளைக்கு வீட்டு எண்ணுல ஒரு தப்பு, தேதியில ஒரு தப்புன்னா, அதைத் திருத்த உங்களை மறுபடி அலைய விட வேண்டாமேன்னு. எல்லாரும் குத்துறதுதான்."

எல்லாரும் குத்துவதுதான். பாங்கில் கேட்பார்கள், வாடகைப் பத்திரத்தில் கேட்பார்கள். ஓரத்தில் ஒரு முத்திரை முன்கூட்டியே விழுந்துவிட்டால் எழுத்துப் பிழைகளை அவர்களே திருத்திக்கொள்ளலாம். மறுத்தால் எதிரே இருப்பவரைத் திருடன் என்று சொன்ன மாதிரி. நானே வாழ்நாளில் ஐம்பது குத்தியிருப்பேன்.

அண்ணன் கையில் முத்திரை அந்தரத்தில் நின்றது. "வெத்து இடத்துல நான் குத்துனதில்லம்மா" என்றார்.

அண்ணி அவர் முழங்கையை இடித்தார். "குத்துங்க. பின்னாடி அத்தனை பேரு உக்காந்திருக்காங்க. நம்மால எதுக்கு அடுத்தவங்களுக்குத் தொந்தரவு?"

எங்கள் ஊரில் 'தொந்தரவு' என்ற இந்த ஒரு வார்த்தைக்குக் கட்டுப்படாதவர் கிடையாது. அண்ணன் திரும்பி அந்த நான்கு தம்பதிகளுக்கும் தலை வணங்கி மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, ஓரத்தில் ஒன்று குத்தினார். கோணாமல், தெளிவாக.

மருந்து ஆரம்பித்தது. அண்ணிக்கு ஒரு குறிப்பேடு கொடுத்தார்கள். அட்டையில் சுயிமாரு சிரித்துக்கொண்டிருக்கும். தினமும் உடம்பில் நடப்பதை அதில் எழுத வேண்டும். "இன்று சுயிமாரு சிரித்தது. நான் ஆறு முறை வாந்தி" என்று எழுதுவார் அண்ணி. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஹானாவா அதைப் படித்துத் தரம் பிரிப்பார். ஒன்று என்றால் லேசானது, ஐந்து என்றால் மரணம்.

"விரல் நுனியெல்லாம் மரத்துப்போச்சும்மா. சட்டைப் பட்டன் போட முடியல."

"முடியவே இல்லையா, கொஞ்சம் கஷ்டமா இருக்கா?"

"இவருதான் போட்டு விடறாரு."

ஹானாவா அண்ணியின் சட்டையைப் பார்த்தார். "அப்ப பட்டன் போட்டிருக்கு. தரம் ஒண்ணு."

"இவரு விரலு நல்லா இருக்குன்னும் சேத்து எழுதிக்கம்மா" என்றார் அண்ணி. ஹானாவா அதை எழுதவில்லை. அதற்குக் கட்டம் இல்லை.

மருந்தின் மூன்றாவது சுற்றில் வாயெல்லாம் புண். அது மருந்தாலா என்று முடிவு செய்யப் பதினோரு பேர் கொண்ட குழு கூடியது. இரண்டரை மணி நேரம் கூடி, தேநீர் குடித்து, ஒரு கடிதம் அனுப்பியது: "மருந்துக்கும் புண்ணுக்கும் தொடர்பு இல்லை என்று மறுப்பதற்கில்லை. ஆயினும் உண்டு என்று சொல்லும் அவசரமும் எழவில்லை. துணைவர் முந்தைய வாரம் நண்டு உண்டது கவனத்தில் கொள்ளப்பட்டது." அண்ணி நண்டு வேகவைத்த தண்ணீரில் ஒரு கரண்டி குடித்திருந்தார். குடித்ததை ஒளிக்காமல் குறிப்பேட்டில் எழுதியதும் அவரேதான்.

நான்காம் மாதம் பேராசிரியர் எங்களை அழைத்து ஸ்கேன் படத்தைக் காட்டினார். முகம் மலர்ந்திருந்தது.

"நாங்க அளக்கிற கட்டி ஒரு மில்லிமீட்டர்கூட வளரலைங்க."

அண்ணன் குனிந்து பார்த்தார். குனிந்து பார்ப்பது அவர் தொழில். "இந்தப் பக்கம் கல்லீரல்ல புள்ளி புள்ளியா ஏதோ இருக்கே, டாக்டர் ஐயா?"

"அது புள்ளிங்க. பத்து மில்லிமீட்டர் வந்தாத்தான் எங்க விதிமுறைப்படி அதைக் கட்டின்னு கூப்பிட முடியும். அதுவரைக்கும் நோய் நிலையா இருக்குன்னு அர்த்தம். வாழ்த்துகள்!"

மையத்தின் சார்பில் ஒரு பெட்டி சிவப்புப் பயறு போட்ட சோறு கொடுத்தார்கள். எங்கள் ஊரில் குழந்தை பள்ளியில் சேர்ந்தால், கல்யாணம் நிச்சயமானால் வைக்கிற சோறு. நோய் நிலையாகத்தான் இருந்தது. அண்ணிதான் நிலையாக இல்லை. கார் நிறுத்துமிடம்வரை போக மூன்று முறை உட்கார்ந்தார். சோற்றை நானும் அண்ணனும் சாப்பிட்டோம். அண்ணி மோந்து மட்டும் பார்த்தார்.

ஐந்தாவது சுற்றுக்குப் பிறகு காய்ச்சல் வந்தது. பேராசிரியரே வந்து மறைக்காமல் சொன்னார். "மருந்து வெள்ளையணுவையெல்லாம் அழிச்சிருச்சுங்க. அந்த நேரத்துல கிருமி உள்ள புகுந்திருச்சு. எங்களை மன்னிக்கணும்." அந்த மன்னிப்பு எனக்கு நன்றாக நினைவிருக்கிறது, ஏனென்றால் அதை நான் நம்பினேன்.

திங்கட்கிழமை அண்ணிக்கு நினைவு இருந்தது. "எல்லாம் எழுதிக்கிட்டாங்களா?" என்றார்.

"எழுதறாங்க, எழுதறாங்க" என்றார் அண்ணன்.

"அவங்க எழுதினா ஆச்சா? நீங்க பாருங்க. வண்டியை விட்டு எறங்கிக் குனிஞ்சு பின்சக்கரம் பாப்பீங்களே, அந்த மாதிரி. என்னை ஒன்பது தடவை அழ வச்ச கண்ணு, ஒரு தடவையாவது எனக்காகப் பாக்கட்டும்."

"பாக்கறேன்" என்றார் அண்ணன். அது சத்தியம். அந்த மனிதருக்கு வேறு மாதிரி வாக்குக் கொடுக்கத் தெரியாது.

செவ்வாயிலிருந்து நினைவில்லை. வியாழன் பகல் இரண்டு மணிக்கு அண்ணி போய்விட்டார்.

உடலைப் பின்வாசல் வழியாக வண்டியில் ஏற்றியபோது பேராசிரியர், ஹானாவா, செவிலியர்கள் என ஒன்பது பேர் வரிசையாக நின்று குனிந்தார்கள். வண்டி தெருமுனை திரும்பும்வரை ஒருவரும் நிமிரவில்லை. அந்த மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. சுயிமாரு மட்டும் வரவில்லை. அன்று அதற்குக் குழந்தைகள் வார்டில் நிகழ்ச்சி.

சவப்பெட்டியில் வைக்க அண்ணன் அந்தப் பழைய பயிற்சிப் புத்தகத்தைத் தேடி எடுத்தார். எஸ் வளைவுக்கான கட்டம் வெறுமையாக இருந்தது. மைப்பெட்டியைத் திறந்தார். முத்திரையை எடுத்தார். கால் மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தார்.

"குத்திருங்கண்ணே" என்றேன். "இனிமே யாரு கேக்கப் போறா?"

"அவ கேப்பாடா. உரசினதுக்கு எதுக்குக் குத்தினேன்னு கேப்பா." குத்தாமலே புத்தகத்தை அண்ணியின் கைக்கடியில் வைத்தார். இது எவ்வளவு பெரிய முட்டாள்தனம் என்று அன்று எனக்குக் கோபம் வந்தது. இன்று அந்தக் கோபம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

எட்டு மாதம் கழித்து ஓர் அஞ்சலட்டை வந்தது. கே.டி.308 ஆய்வின் வெற்றியைப் பொதுமக்களோடு பகிர்ந்துகொள்ளும் கூட்டம். அண்ணன் கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தார். நகர மண்டபத்தின் வாசலிலேயே பெரிய சுவரொட்டி. சுயிமாரு இரண்டு கையையும் விரித்து நிற்க, அதன் தலைக்கு மேல் அண்ணியின் வார்த்தைகள்: "எனக்கு என்ன ஆச்சோ அதை உள்ளபடி எழுதிக்கணும். அடுத்து வர்றவளுக்குத் தெரியணும்." கீழே, "ஒரு பயணத் துணைவர்". அண்ணன் அதன் முன் நின்று இரண்டு முறை படித்தார். முகத்தில் வெளிச்சம் வந்தது. "பாத்தியா, எழுதியிருக்காங்க" என்றார்.

மேடையில் பேராசிரியர் நிவா கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"முப்பத்தெட்டுத் துணைவர்கள் எங்களோடு புறப்பட்டார்கள். முப்பத்தொரு பேர் பயணத்தை முடித்தார்கள். ஏழு பேர் சொந்த விருப்பத்தின் பேரில் இடையில் விலகிக்கொண்டார்கள். மருந்தின் விளைவால் மரணம்," அவர் நிறுத்தினார், திரையில் பெரிய வட்டம் வந்தது, "பூஜ்யம். இந்தப் பூஜ்யத்தை அடைய எங்கள் குழு இரவு பகலாகப் பாடுபட்டது."

கைதட்டல். நானும் இரண்டு தட்டு தட்டிவிட்டேன், பழக்க தோஷம். பக்கத்தில் அண்ணன் எழுந்து நின்றுவிட்டார்.

"என் மனைவி இதுல எந்த வரிசையில இருக்கா?"

மண்டபம் திரும்பிப் பார்த்தது. ஹானாவா ஓடி வந்து காதருகே, "ஐயா, கேள்விகளை ஒரு வாரம் முன்னாடியே சீட்டுல எழுதிக் குடுத்திருக்கணும்" என்றார். அண்ணன் உட்காரவில்லை. சுயிமாரு வந்தது. தன் பஞ்சுக் கையால் அண்ணனின் கையைப் பிடித்துத் தடவிக் கொடுத்தது. குழந்தைகள் சிரித்தன. போகும்போது எல்லோருக்கும் ஒரு கருத்துப் படிவம் தந்தார்கள். இரண்டு கட்டங்கள்: "திருப்தி", "மிகவும் திருப்தி".

அண்ணன் மனைவியின் கோப்பைப் பார்க்க விண்ணப்பித்தார். விண்ணப்பத்துக்கு ஒரு முத்திரை, அவர்தான் கணவர் என்பதற்கு ஒரு முத்திரை. ஐந்து வாரம் கழித்து, பதிவேட்டுப் பிரிவின் துணைத் தலைவர் உட்சுமி என்பவர் கையுறை மாட்டிக்கொண்டு நாற்பத்தாறாம் பக்கத்தை எங்கள் முன் வைத்தார்.

நீங்கிய காரணம்: மரணம். எங்கள் எழுத்தில் மரணம் இரண்டே எழுத்து. அதன் மேல் நேராக இரண்டு கோடுகள். பக்கத்தில் அழகான கையெழுத்தில், ஆறே எழுத்தில், "சொந்த விருப்பத்தால் விலகல்". வியாழன் அடிக்கப்பட்டுப் புதன் ஆகியிருந்தது. மேலே ஓரத்தில் சிறியதாக, "காரணத்தில் இரண்டெழுத்து நீக்கம், ஆறெழுத்து சேர்ப்பு, கிழமையில் ஓரெழுத்து மாற்றம்". அதற்குப் பக்கத்தில் சிவப்பாக, குசாகா.

அண்ணன் குனிந்து பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். அவருடைய முத்திரையில் கீழ்க்கோட்டில் ஒரு சின்ன உடைசல் உண்டு. அதுவும் இருந்தது.

"திருத்தம் எல்லாம் முறைப்படி இருக்குங்க" என்றார் உட்சுமி. "முத்திரை கொஞ்சம்கூடக் கோணல. இவ்வளவு தெளிவா குத்துறவங்க இப்பல்லாம் ரொம்பக் குறைவு."

"இது வீட்டு எண்ணு தப்பா இருந்தா திருத்தறதுக்குன்னு சொன்னாங்க."

"சின்னத் திருத்தத்துக்குத்தான் ஐயா. இதுவும் மொத்தமே ஒன்பது எழுத்துக்கு மேல போகல."

"புதன்கிழமை அவ நினைவில்லாமக் கெடந்தா. எப்படி விலகினா?"

உட்சுமி போன் செய்தார். பேராசிரியர் நிவாவே இறங்கி வந்தார். எங்களுக்கு எதிரே உட்கார்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அவர் சொன்னதை நான் வார்த்தை மாறாமல் சொல்கிறேன்.

"குசாகா ஐயா, யாசுயோ அம்மா எப்பேர்ப்பட்டவங்கன்னு உங்களுக்கே தெரியும். யாருக்கும் தொந்தரவு குடுக்க நினைக்காத மனசு. மருந்தால மரணம்னு எழுதினா ஆய்வை நிறுத்தணும், மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பணும், விசாரணைக்கு ஆள் வருவாங்க, மத்த துணைவர்கள் பயந்துருவாங்க. எத்தனை பேருக்குத் தொந்தரவு! அவங்களுக்கு மட்டும் நினைவு இருந்திருந்தா, இதெல்லாம் வேண்டாம்னு முந்தின நாளே விலகியிருப்பாங்கன்னு எங்க குழு ஒருமனசா முடிவு பண்ணிச்சு. நாங்க பொய் எழுதலைங்க. அவங்க மனசைத்தான் எழுதினோம்."

உட்சுமி மரியாதையாகத் தலை குனிந்திருந்தார்.

"அந்த மத்த ஆறு பேரு?" என்று நான்தான் கேட்டேன்.

"அவங்களும் ரொம்பப் பண்பானவங்க" என்றார் பேராசிரியர்.

அண்ணன் மெதுவாக, "அவ குறிப்பேடு எங்க?" என்றார்.

"விலகினவங்களோட குறிப்பேட்டை வச்சுக்க எங்களுக்கு உரிமை இல்லைங்க" என்றார் உட்சுமி. "அவங்க அந்தரங்கம். மரியாதையோட அழிச்சுட்டோம்."

"இதைத் திரும்பத் திருத்துங்க."

"தாராளமா ஐயா. ஆனா சொந்த விருப்பத்தால விலகினவங்க பதிவைத் திருத்தணும்னா, விலகினவங்களே நேர்ல வரணும். முத்திரையோட."

காரில் வந்து உட்கார்ந்தோம். அண்ணன் சாவியைப் போட்டார், திருப்பவில்லை. அவர் அழுது நான் அதுவரை பார்த்ததில்லை.

"அவ ஒரு கட்டத்துக்குக் கேட்டா, செகிமோட்டோ. ஒன்பது தடவை கேட்டா. நான் குத்தல. செத்ததுக்கப்புறமும் குத்தல. ஆனா அவளை அடிச்சு அழிக்கறதுக்கு, யாரோ கேட்டாங்கன்னு, முன்கூட்டியே குத்திக் குடுத்துட்டு வந்திருக்கேன்டா நான்."

உங்களை ஏமாற்றிவிட்டார்கள் என்றேன். "ஏமாத்தறவன் கதவை உடைச்சிட்டு வருவான்" என்றார். "இவங்க குனிஞ்சு கும்பிட்டுச் சாவியை வாங்கிக்கிட்டாங்க."

அண்ணன் சுகாதார அமைச்சகத்துக்கு எழுதினார். அமைச்சகம் அதை மையத்துக்கு அனுப்பியது. அவருடைய ஆர்வத்துக்கு மையம் நன்றி தெரிவித்தது. மருந்து அடுத்த கட்ட ஆய்வுக்குப் போனது. முந்நூறு துணைவர்கள் தேவை என்று அறிவிப்பு வந்தது. அறிவிப்பிலும் சுயிமாருவின் தலைக்கு மேல் அண்ணியின் வார்த்தைகள்தான்.

அக்டோபரில் மையத்தின் பின்பக்கத் தோட்டத்தில் எலிகளுக்கான நினைவு நாள் வந்தது. ஆய்வுக்கூடங்களில் வருஷந்தோறும் செய்வதுதான். சைப்ரஸ் மரத்தடியில் ஒரு கல், வெள்ளைச் செவ்வந்தி, புத்த குரு, ஊதுவத்தி. மருந்துக்காக உயிர்விட்ட எலிகளின் ஆன்மாவுக்கு எல்லோரும் வரிசையில் நின்று வணங்குவார்கள். பொதுமக்களும் வரலாம். அண்ணன் மறுபடி கறுப்புக் கோட்டு போட்டுக்கொண்டார். கலாட்டா ஏதும் செய்துவிடுவாரோ என்று நானும் போனேன்.

பேராசிரியர் நிவா கல்லின் முன் நின்று உரை வாசித்தார். "இந்தச் சிறிய உயிர்கள் நமக்காகத் தங்களைத் தந்தன. ஒவ்வோர் இறப்பும் கணக்கில் வர வேண்டும். ஒன்றை விட்டுவிட்டால்கூட அது அறிவியல் ஆகாது. வெறும் கொலை ஆகிவிடும்." குரல் உடைந்தது. கண்ணாடியைத் துடைத்தார். பிறகு உட்சுமி பதிவேட்டைத் திறந்து வாசித்தார். "கே.டி.308 ஆய்வில் உயிர் நீத்தவை, நானூற்றுப் பன்னிரண்டு."

"நானூத்திப் பதிமூணு" என்றார் அண்ணன்.

கத்தவில்லை. எஸ் வளைவில் மாணவரிடம் சொல்கிற அதே குரல். குருவின் மணி பாதியில் நின்றது.

உட்சுமி குனிந்துகொண்டே ஓடி வந்தார். "ஐயா, பதிவேட்டுல நானூத்திப் பன்னெண்டுதாங்க இருக்கு."

"ஒண்ணு விட்டுப்போச்சு. எண்ணிப் பாருங்க."

வரிசையில் அறுபது பேர் நின்றார்கள். ஊதுவத்தி எரிந்துகொண்டிருந்தது. அண்ணன் நகரவில்லை. பேராசிரியரும் உட்சுமியும் தலையோடு தலை வைத்துப் பேசினார்கள். பேராசிரியர் அண்ணனை ஒருமுறை பார்த்தார். அவருக்குப் புரிந்துவிட்டது என்றுதான் நினைக்கிறேன். புரிந்ததும் முகத்தில் தெரிந்தது நிம்மதி. உட்சுமி திரும்பி வந்தார்.

"எல்லாரையும் காக்க வைக்க வேண்டாம்னு பேராசிரியர் சொல்றாருங்க. அஞ்சலிதானே, ஒண்ணு கூடினா யாருக்கும் தொந்தரவு இல்லை."

அங்கேயே பதிவேட்டை விரித்து, நானூற்றுப் பன்னிரண்டின் மேல் இரண்டு கோடு போட்டு, நானூற்றுப் பதிமூன்று என்று எழுதினார்.

"பேரு எழுதுங்க" என்றார் அண்ணன்.

"எலிகளுக்குப் பேரு எழுதற வழக்கம் இல்லைங்க." அவர் குரலில் உண்மையான வருத்தம் இருந்தது. "திருத்தத்துக்கு மட்டும் பக்கத்துல ஒரு முத்திரை குடுத்துருங்க."

அண்ணன் கோட்டுப் பையிலிருந்து முத்திரையை எடுத்தார். அந்த எண்ணை விரலால் தொட்டுப் பார்த்தார். அண்ணி எழுதச் சொன்னது அதில் ஒன்றுமில்லை; பெயர் இல்லை, காய்ச்சல் இல்லை, மரத்துப்போன விரல் இல்லை. ஆனால் அந்த மலையடிவாரம் முழுவதிலும் யாசுயோ செத்துப்போனாள் என்று ஒப்புக்கொண்டிருந்த காகிதம் அது ஒன்றுதான். குத்தினார். குரு மணியை மறுபடி அடித்து, நானூற்றுப் பதிமூன்று என்று வாசித்தார். அறுபது பேரும் குனிந்தார்கள். அண்ணனும் குனிந்தார். எல்லோரும் நிமிர்ந்த பிறகும் அவர் நிமிரவில்லை.

நிமிர்ந்தபோது உட்சுமி இன்னும் பதிவேட்டோடு பக்கத்தில் நின்றார்.

"இன்னும் ஒண்ணே ஒண்ணு ஐயா. மேல ஓரத்துல, சும்மா ஒண்ணு. பின்னாடி ஏதாவது தப்பு இருந்தா உங்களை மறுபடி அலைய விட வேண்டாமேன்னு."

பின்னால் வரிசை நின்றது. எல்லோரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் முத்திரையின் மையைக் கைக்குட்டையில் துடைத்து, உறையில் போட்டு, உறையைப் பையில் வைத்துப் பொத்தானைப் போட்டார்.

"தப்பு இருந்தா சொல்லி அனுப்புங்க" என்றார். "நானே நேர்ல வர்றேன். எத்தனை தடவைன்னாலும் வர்றேன். உங்களுக்குத் தொந்தரவாத்தான் இருக்கும்."